அந்த ‘எஸ்’ இல்லாமல் வெல்ல முடியாத விளையாட்டு

கேள்வி:

ஆசிரியைக்கு வணக்கம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் நான். வெளிநாட்டினரைப் பள்ளிகளுக்கு மொழித் துணை ஆசிரியர்களாக வரவழைக்கும் ஜப்பானிய அரசின் ஜெட் திட்டத்தின்கீழ் ஜப்பானுக்கு வந்து, நாகானோ மாகாணத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியராக வேலை செய்கிறேன். ஒரு வகுப்பில் 34 பேர். பாடத்தை நடத்துபவர் ஜப்பானிய ஆசிரியர். விளையாட்டும் பயிற்சித்தாளும் என் பொறுப்பு. பிங்கோ, வரிசை விளையாட்டு என்று வாரந்தோறும் ஏதாவது கொண்டுபோகிறேன். பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள். பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களையும் பிழையில்லாமல் நிரப்புகிறார்கள். ஆனால் மறுநாள் சொந்தமாக இரண்டு வரி எழுதச் சொன்னால் ‘ஷீ ப்ளே டென்னிஸ்’, ‘ஐ ஆம் லைக் டாக்’ என்றுதான் வருகிறது. நான்கைந்து கெட்டிக்காரப் பிள்ளைகளே எப்போதும் ஜெயிக்கிறார்கள். பின்வரிசை வாயே திறப்பதில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியர் எதுவும் சொல்வதில்லை என்றாலும், தேர்வு நெருங்கினால் என் விளையாட்டு நேரத்தைக் குறைத்துவிடுகிறார். எங்கே தவறு? பயிற்சித்தாளை எப்படித் தயாரிப்பது? ஜெயித்தவர்களுக்குச் சாக்லேட் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் விளையாட்டுகளில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. அவற்றில் இலக்கணத்துக்குத்தான் வேலை இல்லை. பிங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தாளும் கையுமாக வகுப்பைச் சுற்றிவந்து ‘டூ யூ லைக் சுஷி?’ என்று கேட்கிறார்கள். ‘யெஸ், ஐ டூ’ என்று பதில் வந்ததும் கட்டத்தில் பெயரை எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் ஓடுகிறார்கள். அன்றைய பாடம் படர்க்கை ஒருமை, அதாவது ‘ஷீ லைக்ஸ்’ என்று வினையோடு ‘எஸ்’ சேர்ப்பது. விளையாட்டில் வந்தவை தன்மையும் முன்னிலையும் மட்டுமே. எதிரே நிற்பவரிடம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் வரை ‘லைக்ஸ்’ என்று சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வராது. வரிசை விளையாட்டும் அப்படித்தான். எல்லாரும் எழுந்து நிற்க, கேள்வி காதில் விழுந்ததும் ஒரு பையன் கையைத் தூக்கி ‘டென்னிஸ்!’ என்று கத்துகிறான். நீங்களும் சரி என்று உட்கார வைத்துவிடுகிறீர்கள்.

1987இல் ஜெட் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த விளையாட்டுகள் ஒரு துணை ஆசிரியரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறி வருகின்றன. உங்கள் மேசை இழுப்பறையிலும் முன்பிருந்தவர் விட்டுச்சென்ற கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு விளையாட்டையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைய இலக்கணத்தைத் தப்பாகச் சொல்லும் மாணவனும் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால், அது வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு நல்ல விளையாட்டு. இலக்கணப் பாடத்துக்கு ஆகாது. இந்தச் சல்லடையில் பெரும்பாலானவை விழுந்துவிடும். விழுந்தவற்றில் பலவற்றைச் சின்ன மாற்றத்தால் மீட்டுவிடலாம்.

படர்க்கை ‘எஸ்’ஸிலிருந்தே தொடங்குகிறேன். ஜப்பானில் நடுநிலைப் பள்ளி தாண்டிய யாரைக் கேட்டாலும் ‘சான்-தான்-கென் நோ எஸ்’, அதாவது ‘படர்க்கை ஒருமை நிகழ்கால எஸ்’ என்று விதியை ஒப்பிப்பார்கள். பேசும்போது அந்த ‘எஸ்’ வராது. காரணம் சோம்பல் இல்லை. ஜப்பானிய வினைச்சொல் ஆளைக் காட்டுவதில்லை. நான் சாப்பிட்டாலும் நீ சாப்பிட்டாலும் அவள் சாப்பிட்டாலும் ‘தாபெரு’ ஒன்றுதான். தமிழ் பேசும் நமக்கு வினையின் வால் பகுதியைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் குழந்தையிலேயே வந்துவிடுகிறது. ‘வந்தாள்’ என்றால் போதும், வந்தது பெண் என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆகவே முதலில் எழுதவோ பேசவோ வைக்காமல், வினையின் முடிவைக் காது கொடுத்துக் கேட்க வையுங்கள்.

அதற்கு ஒரு பயிற்சித்தாள் போதும். எட்டு வரிகள், ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு சிறுமியின் படம், வலப்பக்கம் அதே சிறுமியும் அவள் தம்பியும். நீங்கள் வாக்கியத்தைப் படிக்கும்போது எழுவாயைச் சொல்லாமல் அந்த இடத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். கைதட்டல், பிறகு ‘லைக்ஸ் ஆப்பிள்ஸ்’. கைதட்டல், பிறகு ‘ஈட் ஆரஞ்சஸ்’. முதலாவது சிறுமி மட்டும், இரண்டாவது இருவரும். மாணவர்கள் பொருத்தமான படத்தைச் சுற்றி வட்டமிட வேண்டும். மற்றச் சமயங்களில் ‘ஷீ’ என்ற சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் ‘எஸ்’ வெறும் அலங்காரமாகப் போய்விடுகிறது. இங்கே ‘ஷீ’ இல்லை. ‘எஸ்’ஸைக் கேட்காதவர் விடையைக் குருட்டாம்போக்கில்தான் போட வேண்டும்.

வாக்கியங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ‘லைக்ஸ் சாக்கர்’, ‘ப்ளேஸ் சாக்கர்’ வேண்டாம். அடுத்த சொல்லும் ‘ஸ’ ஒலியில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆங்கிலேயர் படித்தாலும் பிரித்துக் கேட்பது கடினம். உயிரொலியில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் ‘எஸ்’ மணி அடித்ததுபோல் கேட்கும். ஆப்பிள், ஆரஞ்சு, ஐஸ்கிரீம், ஆம்லெட் எல்லாம் இதற்குத் தோதானவை. பிள்ளைகள் தாங்களே படிக்கும்போது ‘லைக்’ என்பதை ‘லைகு’ என்றும் ‘லைக்ஸ்’ என்பதை ‘லைகுஸு’ என்றும்தான் சொல்வார்கள். சொல்லட்டும். வித்தியாசம் அப்போதும் காதில் விழுகிறது. இந்தப் பயிற்சியின் நடுவில் உச்சரிப்பைத் திருத்தப் புகுந்தால் கவனம் சிதறிவிடும்.

நான்கு வரிகளை நீங்கள் படியுங்கள், நான்கை ஜப்பானிய ஆசிரியரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே தாளின் பின்பக்கத்தைப் புரட்டி இருவர் இருவராகச் செய்யட்டும். ஒருவர் மேசையைத் தட்டிவிட்டு வாசிக்கிறார், மற்றவர் வட்டமிடுகிறார். வாசிப்பவர் ‘எஸ்’ஸை விழுங்கினால் பக்கத்திலிருப்பவரின் வட்டம் தப்பான படத்தில் விழும். தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது இருவருக்கும் அது தெரிந்துவிடும். நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்கவே வேண்டியதில்லை. சரியாகக் கேட்காத இடத்தில் ‘இன்னொரு முறை சொல்லு’ என்று தோழி கேட்பாள். இரண்டாம் முறை ‘எஸ்’ அழுத்தமாக வரும். அந்த இரண்டாம் முறைதான் பாடம்.

காது பழகிய பிறகு பேச்சுக்கு வரலாம். படர்க்கை என்பது எதிரே இல்லாதவரைப் பற்றிப் பேசுவது. அப்படியானால் வகுப்பில் இல்லாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் வேண்டும். பள்ளியில் அதற்கு உங்கள் சக ஆசிரியர்களை விடப் பொருத்தமானவர் யார்? இந்த வாரமே ஆசிரியர் அறையில் எட்டுப் பேரிடம் சின்னச் சீட்டுகளைக் கொடுங்கள். காலையில் என்ன சாப்பிடுவார், விடுமுறையில் என்ன செய்வார், மாணவர்களுக்குத் தெரியாத ஒரு பழக்கம் என்ன என்று மூன்றே கேள்விகள். ஜப்பானிய மொழியில் எழுதித் தரட்டும், நீங்கள் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண்டிப்பான கணித ஆசிரியர் இரவில் கேக் செய்கிறார், உடற்பயிற்சி ஆசிரியருக்கு நாய் என்றால் பயம் என்பது போன்ற விஷயங்கள் கிடைத்துவிட்டால் வகுப்பைப் பிடித்துவைக்க வேறெதுவும் தேவையில்லை. மூன்று குறிப்புகளையும் கடினமானதிலிருந்து எளிதானதாக அடுக்குங்கள். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்த குழுவுக்கு 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. ‘ஹான்’ எனப்படும் குழுக்கள் உங்கள் வகுப்பில் ஏற்கெனவே இருக்கும். மதிய உணவுக்கும் துப்புரவுக்கும் அந்தக் குழுக்களாகத்தானே சேருகிறார்கள். மேசைகளைத் திருப்பிப் போட்டால் அரை நிமிடத்தில் தயாராகிவிடுவார்கள்.

குறிப்புகளைக் கேட்பதோடு நின்றால் பாதி வேலைதான் ஆகிறது. அடுத்த வகுப்பில் ஒவ்வொரு குழுவும் தானே ஒரு வினாடி வினா எழுத வேண்டும். ஒரு நாளைக்கு முன்பே ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்துத் தகவல் சேகரிக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். ‘டஸ் ஹீ குக்?’, ‘ஷீ டஸின்ட் டிரைவ்’ என்று கேள்வியும் மறுப்பும் இயல்பாக உள்ளே வந்துவிடும். இதற்குப் பதிலாக ‘உன் அப்பாவைப் பற்றி எழுது, அம்மாவைப் பற்றி எழுது’ என்று மட்டும் கேட்காதீர்கள். பாடநூல்களில் அது சாதாரணமாக வரும். ஆனால் 34 பிள்ளைகளில் எல்லார் வீட்டிலும் அப்பாவும் அம்மாவும் இருப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் உள்ள ஒருவர், ஒரு நண்பர், வளர்ப்புப் பிராணி, கார்ட்டூன் பாத்திரம் என்று தேர்வை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடம் 1970களில் தொடங்கி நடந்த ஆய்வுகளில், இந்தப் படர்க்கை ‘எஸ்’ தாமதமாகப் படியும் உருபுகளில் ஒன்றாகவே திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. தாய்மொழி எதுவானாலும் பெரும்பாலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை கற்றுக்கொடுத்தது புதன்கிழமை கட்டுரையில் வரவில்லை என்றால் பாடம் தோற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். கேட்கும்போது கவனிக்கிறார்களா, தவறவிட்டால் தாங்களே திரும்பச் சொல்கிறார்களா என்று பாருங்கள். நடுநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் அவ்வளவு கிடைத்தாலே நல்ல அறுவடை.

இப்போது ‘ஐ ஆம் லைக் டாக்’. இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன; இரண்டையும் ஒரே தாளில் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

‘ஐ ஆம்’ எங்கிருந்து வந்தது? ‘வாதாஷி வா’ என்பதிலிருந்து. ‘நான் என்று எடுத்துக்கொண்டால்’ என்பதுபோல் பேசுபொருளை முன்னே வைக்கும் உருபு அந்த ‘வா’. பிள்ளைகள் மனத்தில் ‘வாதாஷி வா’வும் ‘ஐ ஆம்’மும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. 2020 முதல் தொடக்கப் பள்ளியிலேயே 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முழுப் பாடமாகிவிட்டது. 600 முதல் 700 சொற்கள் வரை காதில் விழுந்து, ‘ஐ ஆம்’, ‘ஐ லைக்’, ‘ஐ கேன்’ எல்லாம் பாட்டுப்போல வாயில் ஏறிய பிறகே உங்களிடம் வருகிறார்கள். எதை எங்கே வெட்டிப் பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இதற்கு அழிரப்பர் விளையாட்டு உதவும். தொடக்கப் பள்ளியில் எல்லாரும் ஆடியதுதான்: இருவருக்கு நடுவில் ஒரு ரப்பர், குறிப்பிட்ட சொல் காதில் விழுந்ததும் பறிக்க வேண்டும். நீங்கள் இரண்டு ரப்பர் வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் ‘ஆர் யூ’, இடப்பக்கம் ‘டூ யூ’. கேள்வியின் பின்பாதியை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்: ‘ஹங்ரி?’, ‘லைக் கேட்ஸ்?’, ‘ஃப்ரம் நாகானோ?’, ‘ப்ளே தி பியானோ?’. சரியான ரப்பரைப் பறித்தவர் முழுக் கேள்வியையும் எதிரிலிருப்பவரிடம் கேட்க வேண்டும். எதிரிலிருப்பவர் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகே புள்ளி. கேள்வி கேட்கப்படாமல் புள்ளி கொடுத்தால் மறுபடியும் கை வேகத்துக்கான விளையாட்டாகிவிடும்.

‘டாக்’ கதை வேறு. ஜப்பானிய மொழியில் நாய் ஒன்றானாலும் பத்தானாலும் ‘இனு’தான். எண்ணிக்கை சொல்ல வேண்டுமானால் அதற்கென்று ஓர் அளவைச் சொல் எண்ணோடு சேரும், பெயர்ச்சொல் மாறாது. ஆனால் அதே ‘எஸ்’ ஒலிதான் ‘கென்ஸ் பேக்’ (கென் என்பவனின் பை) என்பதிலும் இருக்கிறது, அது அவர்களுக்குச் சுலபமாக வருகிறது. ‘கென் நோ’ என்று உடைமையைக் காட்டும் உருபு அவர்கள் மொழியில் அதே இடத்தில் இருக்கிறது. ஜப்பானிய, கொரிய மாணவர்களிடம் உடைமை ‘எஸ்’ முந்திக்கொள்வதும், பன்மையும் ‘எ’, ‘தி’ போன்ற சுட்டுகளும் பிந்துவதும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கும் விஷயம். ஆகவே சிக்கல் நாக்கில் இல்லை. ஒன்றா பலவா என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குப் புதிது.

அந்தக் கட்டாயத்தை உண்டாக்க, படம் வரையச் சொல்வதே சிறந்த வழி. ‘ஐ ஏட் சிக்கன்’ என்பதற்கு ஒரு படம், ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்பதற்கு ஒரு படம். முதலாவதற்குத் தட்டில் கறித்துண்டு, இரண்டாவதற்கு முழுக்கோழி. ஒரு விளக்கமும் தேவைப்படாது. ‘ஐ லைக் டாக்’ என்றால் நாய்க்கறி பிடிக்கும் என்று ஆகிவிடும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அடுத்து ஆறு வித்தியாசங்கள். ‘அ’ தாளில் மேசைக்கடியில் ஒரு பூனை, ‘ஆ’ தாளில் மூன்று பூனைகள். தாளைக் காட்டாமல் பேசியே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வித்தியாசங்களில் பாதியாவது எண்ணிக்கையில் இருக்கட்டும். கிடைக்கும் ஆயத்தத் தாள்களில் பெரும்பாலும் நிறமும் இடமும்தான் மாறியிருக்கும்; அவற்றுக்கு ‘எஸ்’ தேவைப்படாது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குக் கருதாவைப் பரிந்துரைக்கிறேன். புத்தாண்டில் வீட்டில் ஆடும் சீட்டு விளையாட்டு என்பதால் விதிகளைச் சொல்லிக்கொடுக்க நேரம் போகாது: படித்ததும் பொருத்தமான சீட்டைத் தட்டி எடுக்க வேண்டும். ஆங்கில வகுப்பில் இதைச் சொற்களுக்கே பயன்படுத்துகிறார்கள். நீங்கள் ஒரே ஆளின் நான்கு படங்களைத் தயாரியுங்கள். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன, அடுப்பில் கிளறிக்கொண்டிருக்கிறார், காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைகிறார், சுவரில் நாட்காட்டி, எல்லாக் கட்டத்திலும் சட்டிப் படம். ‘ஹீ குக்ட் டின்னர்’, ‘ஹீ இஸ் குக்கிங் டின்னர்’, ‘ஹீ இஸ் கோயிங் டு குக் டின்னர்’, ‘ஹீ குக்ஸ் டின்னர் எவ்ரி டே’. நான்கிலும் ஆளும் உணவும் ஒன்றே, காலம்தான் வேறு. தவறான சீட்டைத் தொட்டால் ‘ஓதெத்ஸுகி’, அடுத்த முறை கைகட்டி உட்கார வேண்டும் என்ற பழைய விதியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுப் பாய்பவர்கள் வாக்கியம் முடியும் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்வது இந்த விதியால்தான்.

இறந்தகாலத் தொடர்வினைக்கு, அதாவது ‘வாஸ் ஈட்டிங்’ வகைக்கு, சாட்சி விசாரணை போல வேறெதுவும் பொருந்தாது. நடுநிலைப் பள்ளி வயதில் துப்பறிய ஆசைப்படாத பிள்ளையே இல்லை. குற்றத்தை அவர்கள் பள்ளியிலிருந்தே எடுங்கள்: மதிய உணவில் மிஞ்சிய புடிங். யாராவது வராத நாளில் மிஞ்சும் அந்த ஒரு கிண்ணத்துக்கு ஜான்-கென் (கல், தாள், கத்தரி) போட்டுத்தான் ஆளைத் தீர்மானிப்பார்கள். அதன் மதிப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். நேற்றுத் துப்புரவு நேரத்தில் அந்தப் புடிங்கை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள். சந்தேகத்துக்குரிய இருவர் நடைகூடத்துக்குப் போய், அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து எங்கே, என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கதை கட்டிக்கொள்ள வேண்டும். நான்கு நிமிடம் போதும். அதற்குள் ஒவ்வொரு குழுவும் பயிற்சித்தாளில் ஐந்து கேள்விகள் எழுத வேண்டும்: ‘வாட் வேர் யூ டூயிங்?’, ‘வாஸ் ஹீ கிளீனிங் தி விண்டோ?’, ‘ஹூ வாஸ் ஸ்டாண்டிங் பை தி டோர்?’. பிறகு ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து விசாரித்து, பதில்களை இடப்பக்கக் கட்டத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்தவர் வருகிறார், அதே கேள்விகள், வலப்பக்கக் கட்டம். எங்கே முரண்படுகிறதோ அங்கே பிடிபட்டார்கள். ‘ஹீ வாஸ் ஸ்வீப்பிங்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ‘ஐ வாஸ் கேரியிங் எ பக்கெட்’ என்று சொல்லிவிட்டால் வகுப்பே எழுந்து நின்றுவிடும். ‘ஸ்வீப்’ என்ற ஒற்றைச் சொல்லோடு யாராவது நிறுத்தினால் ‘அப்போது செய்துகொண்டிருந்தாயா, அதற்கு முன்பே முடித்துவிட்டாயா?’ என்று குறுக்கு விசாரணை செய்ய மற்றவர்களை ஊக்குவியுங்கள். முதல் முறை உங்களுக்கும் ஜப்பானிய ஆசிரியருக்கும் இடையே ஒரு விசாரணையை நடத்திக் காட்டிவிட்டால் குழப்பம் வராது. இதற்கு 50 நிமிடப் பாடவேளையில் 30 நிமிடம் போகும். போகட்டும்.

நடிப்பைப் பார்த்து ஊகிக்கும் வழக்கமான விளையாட்டை நிகழ்காலத் தொடர்வினைக்கு ஆடியிருப்பீர்கள். ‘ஸ்விம்!’ என்று கத்தினாலே ஜெயித்துவிடலாம் என்பதால் அது நம் சல்லடையில் நிற்காது. இருவரை ஒரே நேரத்தில் வெவ்வேறு செயல்களை நடிக்கச் செய்து, யார் எதைச் செய்கிறார் என்று முழு வாக்கியமாகச் சொல்லச் செய்தால் ஓரளவு தேறும்.

பின்வரிசைப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வரிசை விளையாட்டைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். விடை சொன்னவர்கள் உட்கார உட்கார, தெரியாதவர்கள் கடைசி வரை எல்லார் பார்வையிலும் நின்றுகொண்டிருக்கும் விளையாட்டு அது. நமக்கு ஐந்து நிமிடச் சூடேற்றம். நின்ற பிள்ளைக்கு அது பள்ளி நாளின் மிக மோசமான ஐந்து நிமிடம். ஜப்பானிய வகுப்பில் கேள்வி கேட்டதும் வரும் மௌனத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். எல்லார் முன்னாலும் தனியாகத் தவறுசெய்ய விருப்பமில்லை, அவ்வளவுதான். ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்’ என்று முப்பது விநாடி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ‘நாங்கள் என்ன நினைத்தோம் என்றால்’ என்று கைகள் எழும். ஜெயிப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் பகடை உருட்டலாம், எத்தனை கட்டம் நகர்வது என்பதைப் பகடை முடிவுசெய்யும். சுகொரொகு என்னும் பகடை விளையாட்டுப் பலகை இதற்கென்றே அமைந்தது. சமநிலை வந்தால் ஜான்-கென். அந்த முடிவை எதிர்த்து ஒரு ஜப்பானியப் பிள்ளையும் வாதாடாது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் குத்தகையும் இதனால் போய்விடும்.

இனிப் பயிற்சித்தாள். ‘ப்ளே’யைப் ‘ப்ளேஸ்’ ஆக்கு என்று பத்து வரிகள் கொடுத்தால், மூன்றாவது வரியிலிருந்து மாணவன் எழுவாயைப் படிப்பதை நிறுத்திவிடுகிறான். பத்திலும் முழு மதிப்பெண். மூளை எங்கோ இருக்கிறது. நான்கு வரிகளில் ‘எஸ்’ தேவைப்படாத எழுவாய்களைக் கலந்து போடுங்கள். அதைவிட முக்கியம், தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மாணவனுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விக்கு ஒதுக்குங்கள். அந்த இடத்தில் விடைத்தாள் தயாரிக்கவே முடியாது. அதனால்தான் அங்கே எழுதுவது அவனுடையதாக இருக்கும்.

தயாரிப்பிலும் சில விஷயங்கள் உண்டு. ஆசிரியர் அறை அச்சு இயந்திரத்தில் பெரும்பாலும் கறுப்பு மட்டும்தான் வரும். தாளும் பழுப்பும் சொரசொரப்புமாக இருக்கும். புகைப்படம் கறைபோல் அப்பிக்கொள்ளும், சாம்பல் நிறக் கோடுகள் காணாமல் போகும். தடித்த கோட்டுப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். இராசுதோயா தளத்தின் இலவசப் படங்கள் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானவை. கோட்டுப் படமாக மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பள்ளியில் பி5 தாளா, ஏ4 தாளா என்று பார்த்து, நோட்டில் ஒட்டும் அளவுக்கே செய்யுங்கள். மேலே வகுப்பு, பிரிவு, எண், பெயர் எழுத இடம் விடுங்கள். முதலாம் ஆண்டுக்கு நான்கு கோடு. திருத்தும்போது மிகக் கவனம்: ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். சிங்கப்பூரில் நீங்கள் பழகிய சரிக் குறியை அங்கே தவறு என்றுதான் வாசிப்பார்கள். முழுத்தாளும் சரியாக எழுதிய பிள்ளை தன் தாளில் வரிசையாகச் சரிக் குறிகளைப் பார்த்துக் கலங்கிப்போகக்கூடும். வட்டம் போடுங்கள், நன்றாக எழுதியிருந்தால் வட்டத்தைச் சுற்றி இதழ்கள் வரைந்து ‘ஹானாமாரு’ ஆக்குங்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்களும் அதை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் ஜப்பானிய ஆசிரியர் தேர்வு வந்தால் நேரத்தைக் குறைப்பதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. 2021இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் நடுநிலைப் பள்ளியில் கற்க வேண்டிய சொற்கள் 1,600 முதல் 1,800 வரை உயர்ந்துவிட்டன. முன்பு உயர்நிலைப் பள்ளியில் இருந்த ‘இஃப் ஐ வேர் யூ’ வகை வாக்கியங்களும் கீழே இறங்கிவிட்டன. வாரத்துக்கு நான்கு பாடவேளைதான், மூன்றாம் ஆண்டு முடிவில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. அவரிடம் ‘பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள்’ என்று சொல்லி நேரம் கேட்காதீர்கள். மதிப்பீட்டை அறிவும் திறனும், சிந்தித்து வெளிப்படுத்துதல், கற்பதில் காட்டும் முனைப்பு என்ற மூன்று நோக்கில் அவர் செய்தாக வேண்டும். முதலாவதற்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் கையில் ஆதாரம் வேண்டும். உங்கள் தாளின் அந்தக் கீழ்ப்பகுதியும், விசாரணையில் பிள்ளைகள் எழுதிய கேள்விகளும் அவருக்கு ஆதாரமாகும். தாள்களைப் பிரதி எடுத்து வகுப்புவாரியாகக் கோப்பில் போட்டுக் கொடுங்கள். விதியை ஜப்பானிய மொழியில் இரண்டு நிமிடம் விளக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். அது அவருக்கு நம்மைவிட நன்றாக வரும். தேர்வுக்கு முந்தைய வாரம் விளையாட்டே வேண்டாம் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ வகைக்கு வரும்போது நம் தாய்மொழி கைகொடுக்கும். ‘நேற்று வந்த பையன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானிய மொழியில் வைக்கலாம். பெயருக்குப் பின்னால் விளக்கத்தைத் தொங்கவிடும் ஆங்கில முறை அவர்களுக்கு ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்று உங்களுக்குச் சட்டென்று புரியும். அதற்கு முதல் நாளே விளையாட்டு வேண்டாம். வாக்கியத்தை அட்டைகளாக வெட்டி, குழுவாக உட்கார்ந்து நகர்த்திப் பார்க்கட்டும்.

சாக்லேட் வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் தின்பண்டம் கொண்டுவர அனுமதி இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள். ஸ்டிக்கர் கொடுக்கலாம். வென்ற ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். குழுவின் அட்டை நிறைந்தால் அடுத்த விளையாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். சீட்டுகளை ஆசிரியர்களிடம் திங்கட்கிழமை கொடுத்தால் புதன்கிழமைக்குள் திரும்பக் கிடைத்துவிடும். முதல்வருக்கும் ஒன்று கொடுக்க மறந்துவிடாதீர்கள்.